கோழிக் கொப்பியும் வரிப் படிவமும்

கனகபுரத்தில் எங்கட வளவின் பின்பக்கம் நூறு முட்டைக் கோழி நிற்குது. விடிய எழும்பித் தீனி, தண்ணி வைத்துவிட்டுத்தான் கிளிநொச்சி ரவுனுக்கு வேலைக்குப் போவேன். முட்டை பொறுக்குவது அம்மா. இதுக்கும் வருமான வரிக்கும் தொடர்பு இருக்குமென்று நான் நினைத்ததில்லை. "கோழிக்கு வரி இல்லைத் தம்பி" என்றார் தீனிக் கடை அண்ணை.

அவர் சொன்னது பழைய கதை. பண்ணையில் விளைந்ததை அப்படியே விற்று வரும் இலாபத்துக்கு 2019 ஏப்ரலில் இருந்து ஐந்து வருசம் விலக்கு இருந்தது. 2024 மார்ச்சோடு அது முடிந்துபோச்சு. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான 2024/25 வரி ஆண்டுக்கு என் முட்டைக் காசும் கணக்கில் வரும் என்று வவுனியாவில் கணக்காளராக இருக்கிற என் மச்சான் சொன்னபோது செப்டெம்பர் நடுப்பகுதி. நவம்பர் 30 வரைக்கும் நாள் இருக்குதென்று நான் ஆறுதலாக இருந்தேன். "படிவம் குடுக்கத்தான் நவம்பர். காசு செப்டெம்பர் 30க்குள்ள கட்டோணும்" என்றான். அன்றிரவு நித்திரை இல்லை.

வரி கட்டுகிறவருக்குக் குடுக்கிற ரின் (TIN) இலக்கம் முன்பே எடுத்திருந்தேன். சம்பளமும் அதில் பிடித்த வரியும் காட்டுகிற ரீ 10 (T10) பத்திரத்தை வேலையிடத்தில் கேட்டதும் தந்தார்கள். வருசச் சம்பளம் 1,380,000, அதில் பிடித்த வரி 10,800. கரைச்சல் எல்லாம் கோழிப் பக்கம்தான்.

முட்டை விற்றது கொப்பியில் இருந்தது. கடைகளுக்குப் போகும் முட்டை ரே (தட்டு) கணக்கை அம்மா ஒரு நாளும் விடமாட்டா. தீனி பில்தான் இல்லை. பாதி மழையில் ஊறி ஒட்டிப்போச்சு, மிச்சத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஒரு பேடு நாளைக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். அப்படிப் பார்த்தால் 50 கிலோ மூட்டை நாலு நாளைக்குக் கொஞ்சம் கூடத்தான் நிற்கும், வருசத்துக்கு எண்பத்தைந்து மூட்டைக்குக் கிட்ட. கையில் இருந்த பில் முப்பத்தொன்று. கடைசியில் காப்பாற்றியது அதே தீனிக் கடை அண்ணைதான். நான் மாதக் கடனுக்கு எடுக்கிறவன் என்றபடியால் அவரின் நீல மட்டைக் கொப்பியில் திகதியோடு எல்லாம் கிடந்தது. இரண்டு மணித்தியாலம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தெழுதினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

முட்டை விற்ற காசோடு, முட்டை குறைந்த கிழட்டுப் பேடுகளை விற்றதும், மிளகாய்த் தோட்டக்காரருக்குக் குடுத்த எருவும் வருமானம்தான் என்றான் மச்சான். எருவை நான் மறந்தே போயிருந்தேன். எல்லாம் சேர்த்து 984,000. தீனி 652,000. முட்டையிடும் பருவத்துக்குக் கிட்ட வாங்கிய பேடுகள் 130,000. மருந்து, உமி, கரண்ட் 38,000. கம்பிக் கூட்டுக்கு 40,000 போனது, அதை ஒரே வருசத்தில் முழுக்கக் கழிக்க விடமாட்டார்கள், ஐந்தாகப் பிரித்து 8,000தான். மிச்சம் 156,000.

மாதம் 13,000 ரூபா! முப்பதாயிரமாவது வரும் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வரியை விட இதுதான் எனக்குச் சுட்டது.

"கோழியை அம்மாட பேரில காட்டு, வரி வராது" என்று ஒரு சிநேகிதன் சொன்னான். கடைக்காரர் காசு போடுவது என் வங்கிக் கணக்குக்கு. அதைக் கேட்டால் என்ன சொல்வது? விட்டுவிட்டேன்.

சம்பளமும் கோழியும் சேர்த்து 1,536,000. அந்த வருசம் ஒரு ஆளுக்கு வரி இல்லாமல் விடுகிற தொகை 1,200,000 போக 336,000, அதுக்கு 6 வீதம் 20,160. சம்பளத்தில் பிடித்ததைக் கழித்தால் கட்ட வேண்டியது 9,360. செப்டெம்பர் 29ஆம் திகதி வங்கியில் கட்டினேன். படிவத்தை நவம்பரில் இணையத்தில் நிரப்ப ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

2025 ஏப்ரலில் இருந்து அந்த வரியில்லாத் தொகை 1,800,000 ஆகிவிட்டது. இதே வருமானம் என்றால் இந்த வருசம் எனக்கு வரி வராது. ஆனாலும் தீனி பில்லுகளை இப்ப மா ரின்னுக்குள் போட்டு மூடி வைக்கிறேன். போன கிழமை கீரி நாலு பேட்டைக் கொண்டு போச்சு. அம்மா அதையும் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறா.