ஔஷதகிரியில் 74 படி, அப்புறம் கெப்லர் மலைப்பாதை

கடலூர்க்காரர்களுக்கு மலை என்றால் திருவந்திபுரம் ஔஷதகிரிதான். 74 படி. சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்று பாட்டி சொல்வார். அதற்கே நடுவில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்த ஆள் நான். அப்படிப்பட்டவன் நியூசிலாந்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் டாக்டர் வேலை பார்த்தான், லீவு கிடைத்தபோதெல்லாம் மலையேறினான் என்றால் மஞ்சக்குப்பத்தில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. எப்படிப் போனீர்கள் என்று கேட்கும் ஜூனியர்களுக்காக இது.

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு நேராக அங்கே போய் வேலை கேட்க முடியாது. அவர்கள் நடத்தும் என்.இசட்.ரெக்ஸ் தேர்வு ஒரு வழி. நான் போனது சுற்றுவழி. பிரிட்டன் மாதிரி, தங்களுடையதற்கு நிகரான மருத்துவ அமைப்பு என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட நாட்டில் வேலை பார்த்திருந்தால் அந்தத் தேர்வு இல்லாமலே டாக்டராகப் பதிவு கேட்கலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய 48 மாதங்களில் குறைந்தது 33 மாதம், வாரத்துக்கு 20 மணி நேரமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்குப் பிரிட்டன் நடத்தும் பிளாப் தேர்வின் முதல் பகுதியைச் சென்னையிலும் இரண்டாவதை மான்செஸ்டரிலும் முடித்து, 38 மாதம் இங்கிலாந்தில் ஓட்டியிருந்தேன். நடுவில் அம்மா ஆபரேஷனுக்காக ஊரில் இருந்த நான்கு மாதத்தைக் கழித்தால் 34. காலண்டரை வைத்துக்கொண்டு மூன்று தடவை எண்ணினேன்.

தேர்வெல்லாம் கூடப் பரவாயில்லை. என்னைப் படுத்தியது இனிஷியல். பட்டத்தில் ஓர் எழுத்து இனிஷியலும் என் பெயரும். பாஸ்போர்ட்டில் அந்த ஓர் எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இங்கிலாந்தில் அதன் விளைவு வேடிக்கைதான்: மூன்று வருடமும் வார்டில் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். 'உங்களைத்தான்பா நைட் டியூட்டிக்குக் கூப்பிடுறாங்க' என்று போனில் சொன்னால் அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் விண்ணப்பம் என்று வந்தால் பட்டத்தில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி வந்துவிடும். மஞ்சக்குப்பத்தில் ஒரு நோட்டரி வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிய பிறகுதான் நகர்ந்தது. நீங்கள் செய்தால் ஹவுஸ் சர்ஜன் காலத்திலேயே செய்துவிடுங்கள்.

அடுத்தது முழுக்க என் முட்டாள்தனம். மருத்துவ கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் கொஞ்ச காலத்துக்குத்தான் செல்லும். நானோ கெட்டிக்காரன் மாதிரி அதைத்தான் முதலில் வாங்கினேன். மற்ற காகிதங்கள் வந்து சேர்வதற்குள் அது காலாவதி. மறுபடி பணம், மறுபடி காத்திருப்பு. அதைக் கடைசியில் வாங்குங்கள். பதிவு கிடைத்தாலும் சுதந்திரப் பறவை என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு மேற்பார்வை டாக்டரின் கீழ்தான் வேலை.

விமான நிலையத்தில் இன்னொரு பரீட்சை. அம்மா நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்திருந்தார். உணவுப் பொருளைச் சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். சொல்லிவிட்டேன், தப்பித்தேன். கருவாடு தப்பவில்லை. மலையேறும் பூட்ஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்; அடியில் ஒட்டிய மண்கூட உள்ளே வரக் கூடாதாம். நல்லவேளை, முதல் நாளே பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்திருந்தேன்.

வேலை தெற்குக் கோடியில், இன்வர்கார்கில் பக்கம். அவசரப் பிரிவில் எனக்குப் புதிதாக இருந்தது ஏசிசி என்கிற விபத்துக் காப்பீடு. யார் தப்பு என்றே கேட்பதில்லை. சுற்றுலா வந்தவர் விழுந்தாலும் அங்கே நடக்கும் சிகிச்சைக்கு உதவி உண்டு. ஏசிசி 45 என்ற படிவத்தை நிரப்புவது எங்கள் வேலை. 'எப்படி அடிபட்டது' என்ற கட்டத்தில் ஆடு முட்டியது முதல் டிராம்போலின் வரை எழுதியிருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் தே அனாவ் ஏரி. அங்கிருந்து கெப்லர் நடைபாதை, 60 கிலோமீட்டர் சுற்று. சீசனில் குடில்களை முன்பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் காட்டுக்குள் ஏற்றம், ஏற்றம், ஏற்றம். பாசி மூடிய மரங்கள்; வேறெதுவும் தெரியாது. மரங்கள் சட்டென்று முடிந்து, இடுப்புயரப் பழுப்புப் புல்லும் கீழே ஏரியும் தெரிந்த இடத்தில் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை அசதியால் இல்லை.

லக்ஸ்மோர் குடிலில் ராத்திரி ரேஞ்சர் வந்து வானிலை சொன்னார். பூட்ஸை வெளியே விடாதீர்கள், கியா கிழித்துவிடும் என்றார். கியா என்பது மலைக்கிளி, பச்சை நிறத்தில் ஒரு ரவுடி. காலையில் ஒருத்தர் காயப்போட்டிருந்த சாக்ஸை இழுத்துக்கொண்டு கூரையில் நடந்தது. அப்புறம் மலைமுகட்டில் காற்று. 2011 தானே புயல் இரவில் வீட்டுக்குள் இருந்து கேட்ட அதே ஊளை; இங்கே வெட்டவெளியில் நின்று கேட்டேன். தள்ளாடித் தள்ளாடித்தான் நடந்தேன்.

கால் பிசகியது அங்கே இல்லை. எல்லாம் முடிந்து, கடைசி நாள், குழந்தைகள்கூட ஓடும் சமதளப் பாதையில், ஒரு வேரில். திங்கட்கிழமை என் அவசரப் பிரிவிலேயே வரிசையில் உட்கார்ந்தேன். கூட வேலை பார்க்கும் டாக்டர் ஏசிசி 45-ஐத் திறந்து, அந்தக் கட்டத்துக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். மலை என்று எழுதச் சொன்னேன். வேர் என்றுதான் எழுதினார்.