எக் கிரீமும் அம்மாவும்

அம்மாவிடம் கோயில் என்று சொன்னால் போதும், எந்த மதம் என்றுகூடக் கேட்கமாட்டாள். நியூயார்க்கின் எல்ட்ரிட்ஜ் தெருவில் 1887-இல் திறந்த யூத ஜெப ஆலயம் ஒன்று இப்போது மியூசியமாக இருக்கிறது என்றேன். அதில் அவள் காதில் விழுந்தது ‘ஆலயம்’ மட்டும். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டாள்.

“போட்டுக்கிட்டே வரலாம்மா” என்றேன். அங்கிருந்த வழிகாட்டியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். “அவர் ஒரு மரியாதைக்குச் சொல்றார்டா” என்று ஷூவை என் கையில் திணித்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே போய்விட்டாள். ஒரு மணி நேரம் அந்த ஷூவும் கையுமாகத்தான் வரலாறு கேட்டேன்.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் கட்டியது. பலரும் வேறு பகுதிகளுக்குப் போய்விட, 1950-களில் பெரிய கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், புறாக்கள் குடிவந்தன. பிறகு 20 வருஷம் புதுப்பிக்கும் வேலை பார்த்து, 2007-இல் முடித்தார்கள். செலவு சுமார் 1.85 கோடி டாலர். அம்மா அதை விரல்விட்டு ரூபாயாக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

2010-இல் வைத்த வட்ட ஜன்னலை, அந்த நீலத்தையும் நட்சத்திரங்களையும், நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, “இங்க தரை குழியா இருக்குடா” என்றாள்.

ஷூ போட்டிருந்தால் தெரிந்திருக்காது. பைன் மரத் தரையில், பெஞ்சுகளுக்கு முன்னால், பாத அளவுக்குப் பள்ளங்கள். முன்னும் பின்னும் ஆடியபடி பிரார்த்திப்பது யூதர்கள் வழக்கம். ஆடி ஆடியே மரம் தேய்ந்திருக்கிறது. புதுப்பித்தவர்களும் அதில் கை வைக்கவில்லை. அம்மா ஒரு பள்ளத்தில் பாதத்தை வைத்து லேசாக ஆடிப் பார்த்தாள்.

“நீயும்தான் ஆடிக்கிட்டே படிச்சே. கட்டில் கால்தான் உடைஞ்சுது.”

வெளியே வந்தால் தெருவே அமளி. இப்போது அது சீனக் கடைத்தெரு. ஆண்டுக்கொரு முறை மியூசியம் நடத்தும் விழா அன்று: சீனர்களின் எக் ரோல், யூதர்களின் எக் கிரீம், போர்ட்டோ ரிக்கோகாரர்களின், சோமாசி மாதிரியான எம்பனாடா. அம்மாவோ சுத்த சைவம்.

“எக் கிரீம்ல முட்டையும் கிடையாது, கிரீமும் கிடையாதும்மா. பால், சோடா, சாக்லேட் சிரப். அவ்வளவுதான்.”

“அப்போ மேல வெள்ளையா நிக்குதே, அது என்ன?”

“நுரை.”

நம்பவில்லை. கலக்குகிறவர் பக்கத்திலேயே நின்று, இரண்டு கிளாஸ் கலந்து முடிக்கும்வரை கையையே பார்த்தாள். மூன்றாவதை வாங்கிக்கொண்டாள். பாதி குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

“நல்லாத்தான் இருக்கு. பேர் வச்சவனைத்தான் உதைக்கணும்.”

இன்னொன்று வாங்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பாகிட்ட சாக்லேட் பால்னு சொல்லிடு.”