டிஸ்லெக்ஸியா பையனும் பத்தாம் வகுப்புச் சலுகையும்

எங்களுக்குப் பல்லடம் பக்கம். வீட்டை ஒட்டின கொட்டகையில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறோம். மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுகிற கற்றல் குறைபாடு. இந்த வருடம் பத்தாவது எழுதி முடித்தான். தேர்வுச் சலுகை எப்படி வாங்கினீங்க என்று சொந்தத்தில் ஆளாளுக்குக் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, கற்றல் குறைபாடும் உண்டு. 'கை கால் நல்லாத்தானே இருக்குது, இவனுக்கெதுக்கு சர்டிஃபிகேட்?' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். யூடிஐடிக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, ஆன்லைனில் பதிந்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். காத்திருப்பு, ஜெராக்ஸ், மறுபடி காத்திருப்பு. சான்றிதழ் கைக்கு வந்ததும் தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பம். கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு, இதெல்லாம் கேட்கலாம். முன்பு படித்த பள்ளியில் பேச்செடுத்தபோதே 'வேற ஸ்கூல் பாத்துக்கங்க' என்றார்கள். பார்த்துக்கொண்டோம்.

மருத்துவமனை அறிக்கை முழுக்க அவனுக்கு எது வராது என்றுதான் இருந்தது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "இவனுக்கு என்னென்ன வரும்னு ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க" என்றார். தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா அடிக்கிற சத்தம் மாறினால் எந்தத் தறி என்று வாசலில் இருந்தே சொல்வான். ஏன் நின்றது, எதை முதலில் கழற்ற வேண்டும், அப்புறம் எது என்று ஒரு படி விடாமல் விளக்குவான். அதை எழுதிக் கொடுத்தேன்.

அவர் பிடித்துக்கொண்டது அதைத்தான். எழுத ஆள் கிடைத்தாலும், பதிலை வரிசையாக, முழு வாக்கியமாக, எழுதுகிறவர் கைக்கு ஏற்ற வேகத்தில் சொல்லத் தெரியாவிட்டால் சலுகை வீண். தறியைப் பற்றிச் சொல்ல வருகிறவனுக்குப் பாடமும் அப்படியே வரும் என்றார்.

அதிலிருந்து வீட்டில் படிப்பு வாய்வழிதான். பாடத்தை நான் போனில் வாசித்துப் பதிவு செய்து கொடுப்பேன். கேட்டுவிட்டுப் படம் வரைவான், அப்புறம் அம்மிச்சியிடம், அதாவது என் அம்மாவிடம், சொல்வான். அவர் மூன்றாவதுக்கு மேல் படிக்காதவர், ஆனால் விடமாட்டார். இதயத்தைப் பற்றி ஒருநாள், "ரத்தம் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகுது, அப்புறம் உடம்புக்குப் போகுது" என்று ஓட்டினான். "இரு சாமி, நுரையீரலுக்குப் போனது எந்த வழியாத் திரும்பி வந்துச்சு?" என்றார். யோசித்து, "நுரையீரல் சிரை வழியா இடது ஏட்ரியத்துக்கு" என்று நடுவில் விட்டதைச் சேர்த்துச் சொன்னான். டியூஷனில் இத்தனை பொறுமையாக யாரும் கேட்டதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பாடம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வேண்டும் என்கிறான். அவன் அப்பாருக்கு (தாத்தாவுக்கு), பேரன் கொட்டகையிலேயே இருக்க வேண்டும். அந்தப் பஞ்சாயத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.