மலைக்குளிரில் சின்னக் கையும் கிட்டாரும்

"கை சின்னது, எட்டவில்லை" என்று சொல்லிப் பாதியில் கிட்டாரை மூடி வைத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் மனது கேட்பதில்லை. விரலை இழுத்து இழுத்துப் பழகச் சொல்வதற்கு முன்னால், கையில் இருக்கும் கிட்டார் அந்தக் கைக்கு ஏற்றதுதானா என்று பார்க்க வேண்டும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் குளிரையும் மழை ஈரத்தையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலில் அளவு. கடையில் சொல்லும் 38 இஞ்ச், 41 இஞ்ச் எல்லாம் கிட்டாரின் மொத்த நீளம். விரலுக்கு முக்கியம் ஸ்கேல், அதாவது நட்டுக்கும் (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் பட்டை) சாடிலுக்கும் (உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் பட்டை) நடுவில் தந்தி அதிரும் நீளம். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை டேப்பால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரில் 650 மி.மீ. வரும். அதில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவது ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 98 மி.மீ. தூரம். ஸ்கேல் 580 மி.மீ. உள்ள முக்கால் அளவு கிட்டாரில் அதே தூரம் 87 மி.மீ.தான். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம். சுண்டு விரலுக்கு அது பெரிய விஷயம்.

புதுசு வாங்க வேண்டாம் என்றால் கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாத் தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கிளிப்) போதும். ஆறு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) இறக்கி ட்யூன் செய்து, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். சுருதி வழக்கமான இடத்துக்கே வந்துவிடும், ஆனால் 650 மி.மீ. கிட்டார் 579 ஆகச் சுருங்கிவிடும். தந்தியின் இழுவிசையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். தந்தி தொளதொளத்து ஃப்ரெட்டில் அடித்து இரைந்தால் அரை ஸ்வரம் மட்டும் இறக்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ வையுங்கள்.

இனி கை. ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல், நட்டுப் பக்கமாக அழுத்தினால் குறைந்த பலமே போதும். சின்னக் கைக்காரர்கள் எட்டாமல் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அழுத்துவார்கள், தந்தி இரையும், உடனே இன்னும் பலமாக அழுத்துவார்கள். பெரும்பாலும் காரணம் கட்டை விரல் கழுத்துக்கு மேலே ஏறியிருப்பதுதான். அதைக் கழுத்தின் பின்பக்க நடுவுக்கு, நடுவிரலுக்கு நேர் எதிரே இறக்குங்கள். உள்ளங்கை மரத்தைத் தொடக் கூடாது. கிட்டாரின் தலைப்பக்கம் தோள் உயரத்துக்கு வரட்டும். இடது காலுக்கடியில் 12 முதல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு பலகை வைத்தால் தானாகவே வரும்.

சி கார்டில் ஆட்காட்டி விரலை முதலில் வைத்துவிட்டு மோதிர விரலை எட்ட வைக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. தலைகீழாகச் செய்யுங்கள். தூரத்தில் இருக்கும் மோதிர விரலை 5-ஆவது தந்தியில் (மெல்லியதுதான் முதல் தந்தி, தடித்தது 6-ஆவது) முதலில் ஊன்றி, ஆட்காட்டி விரலைப் பின்னால் நீட்டுங்கள். முன்னால் நீட்டுவதைவிட இது சுலபம். ஜி கார்டில் நடுவிரல் 6-ஆவது தந்தி, மோதிர விரல் முதல் தந்தி, இரண்டும் மூன்றாவது ஃப்ரெட்டில் போதும். 5-ஆவது தந்தியை நடுவிரலின் பக்கவாட்டால் லேசாகத் தொட்டு அடக்கிவிடலாம். குழந்தைகளுக்கு முதல் தந்தி மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரே விரல், மீட்டுவது 1 முதல் 4 வரையான தந்திகளை மட்டும். அதுவும் முழுமையான ஜிதான்.

எஃப் பார் கார்டில் (ஆட்காட்டி விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்க வைக்கும் கார்டு) அந்த விரல் ஆறு தந்தியையும் சமமாக நசுக்க வேண்டியதில்லை. 3, 4, 5 தந்திகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. 6, 2, 1 மட்டும் ஒலித்தால் போதும். விரலை எலும்புள்ள ஓரப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, முழங்கையைப் பின்னால் இழுக்கும் பலத்தைக் கொடுங்கள், கட்டை விரலால் கிடுக்கிப் பிடி வேண்டாம். அப்படியும் முதல் ஃப்ரெட்டில் வராமல் ஐந்தாவதில் வருகிறதா? அப்படியானால் குறை கையில் இல்லை, நட்டின் பள்ளம் உயரமாக இருக்கிறது. மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். தந்திக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் பள்ளத்தை ஆழப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சோலோ வாசிக்கும்போது விரலை நீட்டாமல் கையையே நகர்த்துங்கள். 1928 தீ விபத்தில் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட், மிச்சமிருந்த இரண்டு விரல்களைக் கழுத்து நெடுக ஓட்டித்தான் அந்த சோலோக்களை வாசித்தார்.

குளிர் இந்த எல்லாவற்றையும் கடினமாக்கும். விரலை மடக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில் இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் கையைச் சுருட்டி விடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முன்கை வரை இரண்டு நிமிடம் நனைத்து, துடைத்து, விரல் நுனித் தோல் பழையபடி இறுகும்வரை காத்திருங்கள். ஊறிய தோலில் கம்பித் தந்தி வெட்டும். பிறகு 5 முதல் 8 வரையான ஃப்ரெட்டுகளில் தொடங்கி மெல்ல முதல் ஃப்ரெட் பக்கம் வாருங்கள். 650 மி.மீ. கிட்டாரில் 5-க்கும் 8-க்கும் இடையே நான்கு விரல்களுக்கான விரிப்பு 78 மி.மீ.தான். கேரல் ரவுண்ட்ஸுக்கு இரவில் வெளியே போகிறவர்கள் கேப்போவை நம்புங்கள், பார் கார்டை நம்பாதீர்கள். நுனி விரல் எரிவது இயல்பு. மணிக்கட்டிலோ கட்டை விரல் அடியிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மழைக்காலத்தில், ஊட்டி, கூடலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பரில், மரம் ஈரம் குடித்து முன்பலகை உப்பும், பிரிட்ஜ் (சாடில் பதிந்திருக்கும் மரக்கட்டை) தூக்கும், தந்தி உயரும். ஸ்டீல் தந்திக் கிட்டாரில் 12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த தந்தி 2.5 மி.மீ., மெல்லிய தந்தி 2 மி.மீ. உயரத்தில் இருந்தால் சின்னக் கைக்கு நல்லது. அரை மி.மீ. கூடினாலே தெரியும். அதைக் குறைக்க சாடிலை அடியில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். ஆனால் மழையில் தேய்த்த சாடில், ஜனவரி வறட்சியில் பலகை இறங்கியதும் எல்லாத் தந்தியையும் இரைய வைக்கும். அதனால் பழைய சாடிலைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, மழைக்கென்று இன்னொன்றைத் தேய்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். பனி விழத் தொடங்கியதும் பழையதையே திரும்பப் போட்டுவிடலாம்.