நெறி கட்டினால் எங்கே தேடுவது

பிசான நடவு தொடங்கியதும் ஓ.பி.யில் தொடை இடுக்கு நெறி, அதாவது நிணநீர்க் கணு வீக்கம், கூடிவிடும். இடுக்கை மட்டும் தடவிப் பார்த்து மாத்திரை எழுதினால், பாதத்தில் முறிந்து கிடக்கும் உடைமுள் அங்கேயே கிடக்கும். நெறிக்குள் எந்தப் பகுதியின் நிணநீர் வடிகிறதோ, அங்கேதான் காரணத்தைத் தேட வேண்டும்.

பின்கழுத்தில் கட்டினால் முடியை விலக்கிப் பேன், புண் பார்க்கணும். தாடைக்குக் கீழே என்றால் டார்ச் அடித்துக் கடைவாய்ப் பல், நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம். புகையிலை அடக்கும் ஆச்சிகள் வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள். "ஆச்சி, வெத்தலையத் துப்பிட்டு, வாயக் கொப்புளிச்சுட்டு வாங்க" என்று சொல்லிக் காத்திருந்தாவது பார்த்துவிடணும். ஆறாத வாய்ப்புண்ணும், கடினமான, அசையாத நெறியும் சேர்ந்திருந்தால் முதலில் நினைக்க வேண்டியது புற்றுநோயை.

மழைக்குப் பிந்திய மாதங்களில், மலையடிவாரத்து ஊர்களிலிருந்து காய்ச்சலும் நெறியுமாக வருபவரை உடை விலக்கிப் பார்க்காமல் அனுப்பவே கூடாது. அக்குள், இடுப்புக் கயிற்றின் அடி, மார்பின் கீழ்மடிப்பு என்று மறைவான இடத்தில், பீடி நெருப்பு சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ், புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணி கடித்து வரும் காய்ச்சல். வழக்கமாக எழுதும் அமாக்ஸிசிலினுக்கு இது கேட்காது. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை வேண்டும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும்.

நெறியை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். 'சிறியது' என்று எழுதிய சீட்டை வைத்து, அடுத்த முறை வளர்ந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்குக் கழுத்தில் 1 செ.மீ., தொடை இடுக்கில் 1.5 செ.மீ. வரை பெரும்பாலும் கவலையில்லை. காறை எலும்புக்கு மேலே தட்டுப்பட்டால் எந்த அளவானாலும் விடக்கூடாது. இடப்பக்கமானால் வயிற்றுப் புற்றுநோய் வரை தேடணும்.

காரணம் பிடிபடாமல் 4 வாரத்தில் சுருங்காத நெறியை ஊசிப் பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம். அதற்குள் ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் மறைந்துகொள்ளும். லீவோபிளாக்சசின் ஆன்டிபயாடிக் கொடுத்தால் டி.பி. கொஞ்ச நாள் அமுங்கிக் கிடக்கும். டி.பி. நெறி பெரும்பாலும் வலிக்காது, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சீழ் கோத்தாலும் கீறக்கூடாது, புரையோடிவிடும். பக்கத்து நல்ல தோல் வழியாக ஊசியால் உறிஞ்சணும்.

எங்களுக்கு மிகவும் மனவருத்தம் தருவது, அறுத்தெடுத்த நெறியை முழுக்கப் பார்மலினில் போட்டுவிடுவது. பார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், எதுவும் வளராது. நோயாளிக்கு இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டிவரும். பாதி பார்மலினில், பாதி நார்மல் சலைனில். இரண்டு குப்பிகளிலும் தியேட்டருக்குப் போகும் முன்பே பெயர் ஒட்டியிருக்கணும்.

டி.பி. மருந்து பொதுவாக 6 மாதம். இடையில் சிலருக்கு நெறி பெருக்கும், புதிதாகவும் கட்டும். அவர்களில் பலருக்கு அது செத்த கிருமிக்கு உடல் காட்டும் எதிர்ப்புதான். முதல் நாளே இதைச் சொல்லாவிட்டால், 'மருந்து கேக்கல' என்று அவர்களே நிறுத்திவிடுவார்கள். "பெருத்தாலும் மாத்திரைய விட்டுறாதீங்க அண்ணாச்சி, நேரா இங்க வந்து காட்டுங்க" என்று வீட்டுக்காரம்மாவையும் பக்கத்தில் வைத்தே சொல்லணும். வந்து காட்டினால் மறுபடி அளந்து, சந்தேகம் இருந்தால் மருந்து எதிர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.