எம்.லிப் முடிச்சு நெட் எழுதறவங்களுக்கு: ஒரு ரிஜிஸ்டர், ஒரு புது வேலை, ஒரு ஆடிப்பட்டம்

யு.ஜி.சி நெட் (காலேஜ்ல வாத்தியாராகறதுக்கான தேசிய தகுதித் தேர்வு) ஜூன் சைக்கிள் ரிசல்ட் ஆடி பொறந்த கையோட வந்துச்சு, லைப்ரரி சயின்ஸ்ல உதவிப் பேராசிரியர் தகுதி கெடச்சிருச்சுங்க. ஜே.ஆர்.எஃப்-க்கு (ஆராய்ச்சி பண்றதுக்கான உதவித்தொகை) வயசு தாண்டிட்டதால அதுக்கு நான் போடவே இல்ல. பக்கத்துலயே ஒரு கலை அறிவியல் காலேஜ்ல லைப்ரரியன் வேலைக்குக் கூப்பிட்டாங்க, சேந்துட்டேன். திருப்பூர்ல பல வருஷம் பனியன் கம்பெனில மெர்ச்சன்டைசரா ஓடிட்டு இருந்த ஆளு நான், பையர் மெயில், ட்ரிம் கார்டு, ஷிப்மென்ட் தேதின்னு. அங்கிருந்து பி.லிப், அப்பறம் எம்.லிப் (நூலக அறிவியல்ல இளங்கலை, முதுகலை), ரெண்டும் தொலைதூரக் கல்வியில முடிச்சு இங்க வந்து நிக்கறேன். எப்படிப் படிச்சன்னு கேக்கறவங்களுக்கு தனித்தனியா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஒரே எடத்துல உக்காந்து நாள் முழுக்க படிக்க முடியறவங்களுக்கு என்னோட வழி ரொம்ப மெதுவா தெரியும். எனக்கு கையில பேனாவோ மண்ணோ இருந்தாத்தான் மண்டைல ஏறும். வீடியோ கிளாஸ் ஓட விட்டுட்டு கேட்டா அஞ்சு நிமிஷத்துல மனசு வேற எங்கயோ போயிரும். அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது.

பேப்பர் 2 (லைப்ரரி சயின்ஸ் பாடத்துக்கான தாள்) பேட்டர்ன் உங்களுக்கே தெரியும். ஆனா அதுல மேட்ச் பண்ற கேள்வியும் கால வரிசைக் கேள்வியும் எவ்ளோ வருதுன்னு பழைய கொஸ்டின் பேப்பர் எடுத்து ஒரு தடவை பென்சில்ல டிக் அடிச்சுப் பாருங்க. யாரு, எது, எப்ப, எங்க. இந்த நாலும்தான் திருப்பித் திருப்பி வருது. தியரிய எவ்ளோ ஆழமா புரிஞ்சு வெச்சிருந்தாலும், நூலக அறிவியலோட தந்தைன்னு சொல்ற ரங்கநாதனோட ஃபைவ் லாஸ் (நூலகத்துக்கான அஞ்சு விதி) முன்னாடியா, அவரோட கோலன் கிளாசிஃபிகேஷன் (புத்தகத்த வகை பிரிக்கற முறை) முன்னாடியான்னு தெரியலன்னா அந்த ரெண்டு மார்க் போச்சு. நாலு ஆப்ஷனும் ஒண்ணுக்கொண்ணு அவ்ளோ பக்கத்துல குடுத்திருப்பான்.

நான் பண்ணது இதுதான், இதை மட்டும் பண்ணாக்கூட போதும்னு சொல்வேன். ஸ்டேஷனரி கடைல நிஜமான அக்சஷன் ரிஜிஸ்டர் (வர்ற புத்தகத்த வரிசையா பதியற ஏடு) ஒண்ணு வாங்கினேன், காலேஜ் லைப்ரரில வெச்சிருப்பாங்கல்ல, நீளமா, காலிகோ பைண்டிங் போட்டது, அதேதான். படிக்கற ஒவ்வொரு தகவலையும் லைப்ரரிக்கு வந்த ஒரு புத்தகம் மாதிரி ஒரு வரில ஏத்தினேன். ஆசிரியர் காலத்துல (காலம்னா இங்க column, கட்டம்) யாருங்கறது, தலைப்பு காலத்துல என்னங்கறது, பதிப்பாளர் இடத்துல நிறுவனமோ ஊரோ, வருஷத்துல வருஷம், கால் நம்பர் காலத்துல சிலபஸ்ல எந்த யூனிட்டுன்னு. ஒரு தகவலுக்கு ஒரு வரிதான். ரெண்டாவது வரிக்கு போச்சுன்னா அது ரெண்டு தகவல், பிரிச்சு ஏத்தணும்.

இதுல எனக்கு ரொம்ப கைகுடுத்தது யாரும் கண்டுக்காத அந்த 'விலக்கிய தேதி' காலம். லைப்ரரில கிழிஞ்சதையும் தொலைஞ்சதையும் எழுதற எடம். நான் அதுல நிறுவனங்கள் பேர் மாறினதையும் ஒண்ணோட ஒண்ணு சேந்ததையும் எழுதினேன். அறிவியல் ஆவண மையமான இன்ஸ்டாக் 1952-ல வந்துச்சு, 2002-ல நிஸ்கேர் ஆச்சு, அதுவும் 2021-ல நிஸ்டாட்ஸ்ங்கற இன்னொரு நிறுவனத்தோட சேந்து என்.ஐ.எஸ்.சி.பி.ஆர் ஆயிருச்சு. அமெரிக்க நூலகக் கூட்டமைப்பான ஓ.சி.எல்.சி 1967-ல ஒஹையோ காலேஜ் லைப்ரரி சென்டரா பொறந்துச்சு, 1981-ல பேரோட விரிவு மாறுச்சு, நாலு எழுத்து மட்டும் அப்படியே நின்னுச்சு. 1895-ல ஓட்லேவும் லா ஃபோன்டேனும் ஆரம்பிச்ச நூலியல் நிறுவனமான ஐ.ஐ.பி, 1931-ல ஐ.ஐ.டி ஆகி அப்பறம் எஃப்.ஐ.டின்னு போச்சு. கேள்வி எடுக்கறவங்களுக்கு இந்த மாதிரி எடம்தான் ரொம்பப் புடிக்கும். புத்தகத்துல இதெல்லாம் வேற வேற அத்தியாயத்துல கெடக்கும், ரிஜிஸ்டர்ல ஒரே வரில கண்ணு முன்னாடி நிக்கும்.

அடுத்தது பின்பக்கம். ரிஜிஸ்டரோட கடைசிப் பக்கங்கள்ல பத்து வருஷத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வருஷமும் பேரும் மட்டும் குறிச்சேன். 1930-கள் பக்கத்தப் பாருங்க: 1931 ஃபைவ் லாஸ், 1933 கோலன் கிளாசிஃபிகேஷன், அதே 1933-ல இந்திய நூலகச் சங்கம், 1934 கிளாசிஃபைட் கேட்டலாக் கோட், அதே 1934-ல பிராட்ஃபோர்டு விதி, 1937 ப்ரோலெகோமெனா. தனித்தனியா படிச்சா இதுல பாதி மறந்துரும், ஒரே பக்கத்துல பக்கத்து பக்கத்துல பாத்துட்டா மறக்கவே மறக்காது. பொது நூலகச் சட்டங்களுக்கும் அதே மாதிரிதான்: 1945 கோலாப்பூர், 1948 மதராஸ், 1955 ஹைதராபாத், 1960 ஆந்திரா, 1965 மைசூர், 1967 மகாராஷ்டிரா, 1979 மேற்கு வங்கம். நைட்டு படுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல வெச்சு வருஷக் காலத்த மறைச்சுட்டு மேலருந்து கீழ சொல்லிப் பாக்கறது. ரிவிஷன் அவ்ளோதாங்க.

ஒரு கோச்சிங் சென்டர்ல காசு வாங்கிட்டு பி.டி.எஃப்-பா அனுப்பித் தள்ளினாங்க. அதுல வருஷம் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்துச்சு, ஒரே சட்டத்துக்கு ரெண்டு எடத்துல ரெண்டு வருஷம். கேட்டதுக்கு பதிலே இல்ல. அந்தக் காசுக்கு நல்ல ரெஃபரன்ஸ் புத்தகமே வாங்கியிருக்கலாமேங்கற கோவம் எனக்கு இன்னும் போகல. அடுத்தவங்க நோட்ஸ்ல இருக்கற வருஷத்த ரெண்டாவது எடத்துல சரிபாக்காம ரிஜிஸ்டர்ல ஏத்தாதீங்க. சரிபாத்ததுக்கு ரிமார்க்ஸ்ல ஒரு டிக் போடுங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா:

- பேப்பர் 1-ல டேட்டா இன்டர்பிரிட்டேஷனும் ரீசனிங்கும் எனக்குப் பழகினது, கம்பெனில காஸ்டிங் ஷீட் போட்ட கை. அதனால நேரத்த ரிசர்ச் ஆப்டிட்யூடுக்கு குடுத்தேன். பேப்பர் 2-லயும் ரிசர்ச் மெத்தட்ஸ் வருது, ஒரு உழைப்புக்கு ரெண்டு எடத்துல கூலி.
- நெகட்டிவ் கெடையாது, ஒரு கேள்வியக்கூட விடாதீங்க.
- யூசர் ஸ்டடீஸ் மாடல்கள (ஜனங்க தகவல எப்படித் தேடறாங்கன்னு சொல்றது) படம் வரைஞ்சு படிங்க. குல்தாவோட ஆறு நிலை, எல்லிஸ், வில்சன், 1989-ல மார்சியா பேட்ஸ் சொன்ன பெர்ரிபிக்கிங். பேர மட்டும் மனப்பாடம் பண்ணா மேட்ச் பண்றப்ப குழம்பும்.
- முதுகலைல 55 சதவீதம் இருக்கான்னு அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க (இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு தளர்வு உண்டு). எம்.லிப்ல எப்படியோ பாஸ் ஆனா போதும்னு விட்டவங்க கடைசில இங்கதான் மாட்டறாங்க.

கிளாசிஃபிகேஷன் ப்ராக்டிகலுக்கு பயப்படறவங்க நிறைய பேரு. பி.லிப்ல எங்களுக்கு கோலன் சொல்லிக்குடுத்த விதம் எனக்கு சுத்தமா புடிக்கல, விடைய போர்டுல எழுதிப் போட்டு காப்பி பண்ணச் சொன்னா எப்படி வரும்? வீட்டுக்கு வந்து தெனமும் பேப்பர்ல ஒரு தலைப்புச் செய்திய எடுத்து நானே பிரிச்சுப் பழகினேன். "தமிழ்நாட்டில் கத்தரிச் செடிக்குப் பூச்சிக் கட்டுப்பாடு, 2024"-னு ஒண்ணு வெச்சுக்குங்க. மெயின் கிளாஸ் விவசாயம், அதாவது ஜே. கத்தரி பர்சனாலிட்டி (எதப் பத்தினதுங்கற கூறு). பூச்சிக் கட்டுப்பாடு எனர்ஜி (என்ன செய்யறதுங்கற கூறு), அதுக்கு முன்னாடி கோலன் குறி (:). தமிழ்நாடு ஸ்பேஸ், அதுக்கு புள்ளி. வருஷம் டைம், அதுக்கு மேற்கோள் குறி. எண்ணத் தேடறதுக்கு முன்னாடி இந்தப் பிரிப்பு கைக்கு வந்துரணும். வந்துருச்சுன்னா ஷெட்யூல்ல தேடி எடுக்கறது வெறும் கிளார்க் வேலைதான்.

ரங்கநாதனே வேற வேலைலருந்து வந்தவர்தாங்கறது எனக்குப் பெரிய தைரியமா இருந்துச்சு. சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரில கணக்கு வாத்தியார், 1924-ல சென்னைப் பல்கலைக்கழக லைப்ரரியன் ஆனாரு. வேலை புடிக்காம திரும்ப காலேஜுக்கே போயிடறேன்னு கேட்டவரு. லண்டன்ல போய் படிச்சப்பதான் ஒரு கடைல மெக்கானோ பொம்மை செட்டப் பாத்து, அதே துண்டுகள வேற வேற மாதிரி சேத்து வேற வேற பொருள் செய்யறதப் பாத்து, கோலனுக்கான யோசனை வந்துச்சு. "இந்த வயசுல போய் இன்னொரு டிகிரியா"ன்னு கேக்கற சொந்தக்காரங்களுக்கு நான் வேற பதில் தேடிட்டு இருக்கல.

இன்டர்வியூல ரிஜிஸ்டர் படிப்பு பாதிதான் கைகுடுத்துச்சு, மீதி கோஹாங்கற லைப்ரரி சாஃப்ட்வேர். பழைய லேப்டாப்ல உபுண்டு போட்டு கோஹா இன்ஸ்டால் பண்ணி, வீட்டுல இருக்கற புத்தகத்தையெல்லாம் கேட்டலாக் பண்ணிப் பழகுங்க, காசு செலவே இல்ல. கேட்டலாக் பதிவுல தலைப்பு ஏத்தற 245 டேக்ல ரெண்டாவது இன்டிகேட்டர் எதுக்குன்னு கேட்டாங்க. இங்கிலீஷ் தலைப்பு 'தி'ன்னு ஆரம்பிச்சா மூணு எழுத்தும் ஒரு இடைவெளியும் சேத்து 4 போடணும், அப்பதான் வரிசைப்படுத்தறப்ப அந்த 'தி'ய தாண்டிப் போகும். இத கையால டைப் பண்ணிப் பாத்தவங்க மட்டும்தான் யோசிக்காம சொல்வாங்க. அப்பறம் காலேஜுக்கு தரச்சான்று குடுக்கற நாக் (NAAC) கிரைட்டீரியா நாலுல லைப்ரரிக்கு என்னென்ன காட்டணும், என்-லிஸ்ட், டெல்நெட்னு லைப்ரரிகளுக்கான சேவைகள், இதெல்லாம் கேட்டாங்க. சம்பளம் கம்பெனில வாங்கினதவிடக் கம்மி, அதையும் மறைக்காம சொல்லிடறேன். வீட்டுல உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் சேந்தேன்.

வேலைக்குச் சேந்ததும் கண்ணுல பட்டது தோட்டக்கலை புத்தகங்கள்தான். காய்கறிப் பயிர் 635-ல, உரமும் மண்ணும் 631-ல, பூச்சியும் நோயும் 632-ல, தோட்ட வடிவமைப்பு 712-ல, தாவரவியல் 580-ல, டி.டி.சி (டியூயி தசம வகைப்பாடு) படி எல்லாம் சரியான எடத்துலதான் இருக்கு. ஆனா மாடித்தோட்டம் போடணும்னு வர்ற பொண்ணு ஒரு ரேக்கோட திரும்பிப் போயிருது. ரிலேடிவ் இன்டெக்ஸ் (ஒரே பொருள் எந்தெந்த எண்ணுல சிதறிக் கெடக்குன்னு காட்டற பட்டியல்) எதுக்குன்னு பரீட்சைக்கு படிச்சத அந்தப் பொண்ணு முன்னாடி நின்னப்பதான் முழுசா உணர்ந்தேன். ரேக் ஓரத்துல இந்த அஞ்சு எண்ணையும் ஒரு அட்டைல எழுதி ஒட்டிட்டேன், இப்ப தேடி வர்றவங்க அஞ்சு ரேக்கும் சுத்திட்டுத்தான் போறாங்க.

தோட்டத்துல நான் விதை போட்டதும் அதே ஆடிலதான், கொத்த ஆரம்பிச்சது மட்டும் அதுக்கு முன்னாடி. பரீட்சை முடிஞ்சதுலருந்து ரிசல்ட் வர்ற வரைக்கும் இருக்கற அந்த நாட்கள் மனுஷனத் தின்னுரும். ஆன்சர் கீய தெறந்து தெறந்து பாத்துட்டே இருக்கத் தோணும். நான் வீட்டுக்குப் பின்னாடி கெடந்த துண்டு எடத்தக் கொத்த ஆரம்பிச்சேன். செம்மண், மண்புழு உரம், கொஞ்சம் தேங்காநார்க்கழிவு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. பக்கத்துத் தோட்டத்து அப்பாரு நாட்டுச்சுரை விதையும் அவரை விதையும் ஒரு துணில முடிஞ்சு குடுத்துட்டு, "கண்ணு, சுரை தோல் கெட்டி, ராத்திரியே தண்ணில போட்டு வையி, ஆடி பதினெட்டத் தாண்ட விடாத"ன்னாரு. சுரை, பீர்க்கு, வெண்டை நேரா குழில போட்டது. கத்தரி மட்டும் நாத்து விட்டு அப்பறம் பிடுங்கி நட்டது.

அதே ரிஜிஸ்டர்ல மீதி இருந்த பக்கங்கள்ல இதையும் ஏத்தறேன். விதை என்ன, யாரு குடுத்தது, எந்தக் குழி, மொளைச்ச தேதி, விலக்கிய தேதி, காரணம். ஒரு நாள் அந்த விலக்கிய காலத்த மேலருந்து கீழ வாசிச்சப்பதான் புரிஞ்சுச்சு, போன நாத்து எல்லாமே மேக்குச் செவுத்தோரம் வெச்சது. மத்தியானத்துக்கு மேல செவுரு சூடு கக்குது. இருந்ததத் தூக்கி தென்னமரத்து நெழலுக்கு மாத்தினேன், இப்ப நிமிந்து நிக்குது. வெண்டை மொட்டு விட்டிருக்கு. அவரை கொடி மட்டும்தான் ஓடும், காய்க்கறதுக்கு குளிர் வரணும், மார்கழி தை வரைக்கும் பொறுக்கணும்னு அப்பாரு சொல்லிட்டாரு.

படிக்கறப்ப ஒரு செடியாவது வைங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன். பாத்துக்கறதுக்கு ஒரு உசிரு வெளிய இருந்தா, காலைல எந்திரிச்சதும் போன எடுக்காம அது பக்கத்துல போய் நிக்கத் தோணும். அதுக்கப்பறம் உக்காந்து படிக்கற ஒரு மணி நேரம் நல்ல ஒரு மணி நேரமா இருக்கும்.

டிசம்பர் சைக்கிள் எழுதறவங்க ரிஜிஸ்டர் இப்பவே வாங்கிருங்க. ஏத்த வேண்டிய வரிசை: முதல்ல நூலகச் சட்டங்கள், அப்பறம் கமிட்டிகள், அப்பறம் சங்கங்களும் நிறுவனங்களும், அப்பறம் ரங்கநாதன் புத்தகங்கள், அப்பறம் கிளாசிஃபிகேஷன் திட்டங்கள், 1876 டி.டி.சிலருந்து ஆரம்பிங்க. சாஃப்ட்வேரும் ஸ்டாண்டர்டும் கடைசில, ஏன்னா அதுலதான் பதிப்பு அடிக்கடி மாறுது, விலக்கிய தேதி காலத்துக்கு வேலை ஜாஸ்தி. நோட்டிஃபிகேஷன் வர்றதுக்குள்ள முதல் மூணும் முடிஞ்சிருக்கணும்.