மூலம் என்றே நினைத்திருந்தோம்

மலத்தில் முதன்முதலாக ரத்தம் தெரிந்தபோது அப்பாவுக்கு வயது 55. உடம்புச் சூடு என்று சொல்லி, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார், காரத்தைக் குறைத்தார், கருணைக்கிழங்கு லேகியம் வாங்கிச் சாப்பிட்டார். அது மூலம்தான் என்பதில் அவருக்கும் எங்களுக்கும் ஐயமே எழவில்லை. 14 மாதங்கள் கழித்து, மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கத் தொடங்கி, ஹீமோகுளோபின் 7 என்று வந்த பிறகுதான், ஆசனவாய் வழியே கேமரா குழாயைச் செலுத்திக் குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தார்கள். பெருங்குடலின் இடப்பக்கத்தில் இருந்த கட்டி அதற்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கும் கீமோதெரபிக்கும் பிறகு மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்தார்.

அவருக்கு மூலமும் உண்மையாகவே இருந்தது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. நாங்கள் நினைத்தது பொய்யல்ல, பாதி உண்மை; மூலம் இருப்பவருக்குக் குடலில் கட்டி இருக்காது என்று எந்த விதியும் இல்லை என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகவே குடலின் உட்சுவரில் தொடங்குகின்றன. எல்லாப் பாலிப்களும் புற்றாவதில்லை. ஆகும் பாலிப்களும் பொதுவாகப் பத்து ஆண்டுகள்வரை எடுத்துக்கொள்கின்றன. அந்தக் காலத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்தால், பாலிப்பைக் கண்ட அந்த இடத்திலேயே கம்பி வளையத்தால் எடுத்துவிடலாம். ஆகவே இந்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை, வராமலே தடுக்கிறது. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சில.

ஆனால் அந்த அவகாசத்தில் உடல் பெரும்பாலும் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. பெருங்குடலின் வலப்பக்கம் அகன்றது, அங்கே கழிவும் நீர்த்திருப்பதால் அடைப்பு எளிதில் ஏற்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கசியும் ரத்தம் ரத்தசோகையாகவும் அசதியாகவும் மட்டுமே வெளிப்படலாம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குக் காரணமின்றி இரும்புச்சத்து குறைந்தால், மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் குடலையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில், ஐம்பதுக்குக் குறைந்தவர்களிடம் இந்நோய் கூடிவருவதால், பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-லிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். நம் அரசின் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே முதன்மையாக இடம்பெற்றுள்ளன. பெருங்குடலுக்கு நாமேதான் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம். ஆனால் கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர்களுக்கும், மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பவர்களுக்கும் அது போதாது. அவர்கள் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, இவற்றில் எது முந்தியதோ அப்போதே தொடங்கச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி நான் 40 வயதில் கொலோனோஸ்கோபிக்குப் போனேன். முதல் நாள் கீரை, விதையுள்ள காய்கள் எதுவும் கூடாது. மாலையிலிருந்து மருந்துப் பொடி கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். அந்த இரவு கடினமானதுதான். மறுநாள் மயக்கத்தில் அரை மணி நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. 8 மில்லிமீட்டர் பாலிப் ஒன்றை எடுத்திருந்தார்கள். ஆய்வில் அது பின்னாளில் புற்றாக மாறக்கூடிய வகை என்று வந்தது. ஐந்து ஆண்டுகளில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கைக்கு வருகிற ஆவணியில் 40 முடிகிறது. வெட்கமாக இருக்கிறது என்று இரண்டு முறை தட்டிக்கழித்தவள், நேற்று இரவு தொலைபேசியில் அழைத்து, முதல் நாள் இட்லி சாப்பிடலாமா என்று கேட்டாள்.